குரல் குரலாகக் கேட்கவேண்டும்: நடுத்தர விலை ஹெட்போன் பற்றி பெங்களூரில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெங்களூரில் இருக்கும் தமிழ் நண்பர்கள் ஹெட்போன் வாங்கும் முன் என்னிடம் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன். எல்லோரும் சுற்றி வளைத்துக் கேட்பது ஒன்றைத்தான்: பேஸ் (தாழ்ந்த ஒலி) அதிரவேண்டாம், பாட்டில் குரல் தெளிவாக, இயல்பாகக் கேட்கவேண்டும், அதற்கு எதை வாங்குவது? விலைகள் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும் என்பதால், இங்கே வரும் தொகைகளைத் தோராயமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

மிட்ரேஞ்ச் என்று எதைச் சொல்கிறார்கள்?

மனிதக் காதுக்கு எட்டுவது சுமார் 20 ஹெர்ட்ஸிலிருந்து (நொடிக்கு இத்தனை அதிர்வு என்ற கணக்கு) 20,000 ஹெர்ட்ஸ் வரை. அதில் 250-லிருந்து 4,000 வரையுள்ள பகுதியைப் பொதுவாக மிட்ரேஞ்ச் என்பார்கள். எல்லைக்கோட்டை ஆளுக்கொரு இடத்தில் போடுவார்கள். அதற்காகச் சண்டை பிடிக்க வேண்டாம். பழைய தொலைபேசி கடத்தியதே 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரைதான். ஆனாலும் பேசுவது யார், கோபமாகப் பேசுகிறாரா குழைந்து பேசுகிறாரா என்பதெல்லாம் புரிந்தது. அந்தச் சின்ன ஜன்னலுக்குள்ளேயே அத்தனையும் இருக்கிறது.

கச்சேரிக் கணக்கில் பார்த்தால் இன்னும் தெளிவாகும். ஆண் பாடகர் ஒரு கட்டை சுருதியில் பாடினால் மத்திய ஸ்தாயி சட்ஜம் சுமார் 131 ஹெர்ட்ஸ். பெண் பாடகர் ஐந்து கட்டையில் பாடினால் சுமார் 196. அவர் தார ஸ்தாயி பஞ்சமத்தைத் தொட்டால்கூட 600-க்குள்தான் நிற்கும். அப்படியானால் அதற்கு மேல் 4,000 வரை என்ன இருக்கிறது? ஒவ்வொரு ஸ்வரத்தோடும் சேர்ந்து ஒலிக்கும் இரட்டிப்பு, மும்மடங்கு மேலொலிகள் இருக்கின்றன. ஒரே சட்ஜத்தை இரண்டு பேர் பாடும்போது இது இன்னார் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்ல முடிவது இந்த மேலொலிகளின் விகிதத்தால்தான். ஹெட்போன் அந்த விகிதத்தைக் கலைத்தால் ஸ்வரம் பிசகாது, ஆனால் ஆள் மாறிவிடுவார். இயல்பான மிட்ரேஞ்ச் என்று நான் சொல்வது ஆள் மாறாமல் இருப்பதைத்தான்.

விலை கூடிய ஹெட்போனில்கூடக் குரல் ஏன் பின்னால் போய்விடுகிறது?

வேண்டுமென்றே அப்படிச் செய்கிறார்கள். பேஸையும் உயர்ந்த ஒலியான ட்ரெபிளையும் தூக்கி நடுவைத் தாழ்த்தினால், எந்த ஒலி எவ்வளவு வருகிறது என்று காட்டும் கிராஃப் ஆங்கில வி எழுத்து போல வரும். கடையில் அரை நிமிடம் கேட்பவருக்கு இந்த வி வடிவம் அசத்தலாக இருக்கும். அதற்குக் காரணமும் உண்டு. ஒலி குறைவாக இருக்கும்போது நம் காதுக்குத் தாழ்ந்த ஒலிகளும் மிக உயர்ந்த ஒலிகளும் சரியாக எட்டாது. பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த ஃப்ளெட்சரும் மன்சனும் இதை அளந்து 1933-லேயே வெளியிட்டார்கள். வி வடிவம் அந்தக் குறையை ஈடுகட்டுவதால் முதல் பார்வையில் "ஆஹா" என்று சொல்ல வைக்கிறது. வீட்டுக்கு வந்து ஒரு மணி நேரம் கேட்டால் தலை கனக்கும்; பாடகர் ஏதோ அடுத்த அறையில் நின்று பாடுவது போல இருக்கும்.

இன்னொரு ஏமாற்று, பொய்த் தெளிவு. 6,000 முதல் 9,000 ஹெர்ட்ஸ் வரை தூக்கிவிட்டால் எல்லாம் துல்லியமாகக் கேட்பது போலத் தோன்றும். ஜாலராச் சத்தம் தனியாக வரும், பாடகர் மூச்சு வாங்குவதுகூடக் கேட்கும். ஆனால் "ஸ", "ஷ" வரும் இடங்களில் காதில் ஊசி குத்தும். கூர்மையைத் தெளிவு என்று எடுத்துக்கொண்டு வாங்கியவர்கள்தான் சில மாதங்களில் அதை விற்கவும் செய்கிறார்கள்.

நடுத்தர விலை என்றால் எவ்வளவு?

என் கணக்கில் 5,000 ரூபாயிலிருந்து 20,000 வரை. அதற்குக் கீழே தலையில் மாட்டும் ஹெட்போன்களில் நல்லது அபூர்வம். மேலே போனால் செலவு கூடும் வேகத்துக்குத் தரம் கூடாது. மிட்ரேஞ்ச் விஷயத்தில் விலைக்கும் தரத்துக்கும் நேர்த் தொடர்பு கிடையாது என்பதையும் சொல்லவேண்டும். 6,000 ரூபாய் ஸ்டுடியோ ஹெட்போனில் குரல் நேராக வரும், 30,000 ரூபாய் ப்ளூடூத் ஹெட்போனில் அதே குரல் கம்பளிக்குள்ளிருந்து வரும். கூடுதல் பணம் பெரும்பாலும் இரைச்சல் தடுப்புக்கும் பேட்டரிக்கும் அழகுக்கும் போகிறது.

கடையில் எப்படிக் கேட்டுப் பார்ப்பது? ஐந்து நிமிடத்துக்கு மேல் விடமாட்டார்களே?

ஐந்து நிமிடம் போதும், தயாராகப் போனால். கடைக்காரர் போட்டுக் காட்டும் பாட்டைக் கேட்காதீர்கள். அது அந்த ஹெட்போனுக்கென்று பொறுக்கி எடுத்த பாட்டு. உங்கள் போனில் மூன்று நான்கு பாடல்களை டவுன்லோடு செய்து எடுத்துப் போங்கள். போனில் ஈக்வலைசர், டால்பி போன்றவை எல்லாம் அணைந்திருக்கின்றனவா என்று பாருங்கள்.

முக்கியமானது ஒலி அளவு. இரண்டு ஹெட்போன்களை ஒப்பிடும்போது எது கொஞ்சம் சத்தமாக இருக்கிறதோ அதுதான் நன்றாக இருப்பதாகப் படும். ஒரு டெசிபல் வித்தியாசத்தைச் சத்தம் என்று நம் மூளை எடுத்துக்கொள்வதில்லை, தரம் என்றே எடுத்துக்கொள்ளும். ஆகவே, குரல் இரண்டிலும் ஒரே அளவில் கேட்கும்படி வால்யூமைச் சரிசெய்துவிட்டு ஒப்பிடுங்கள். பேஸை வைத்துச் சமன் செய்யாதீர்கள், ஏமாந்துபோவீர்கள்.

அப்புறம் வரிசை. முதலில் வெறும் பேச்சு: நன்றாகப் பதிவான ஒரு தமிழ் உரை அல்லது பாட்காஸ்ட். அடுத்து தம்புராவோடு தனிக் குரல் ஆலாபனை. அடுத்து குரலும் வயலினும் சேர்ந்து வரும் கீர்த்தனை. கடைசியில் கூட்டமாக வாத்தியங்கள் ஒலிக்கும் திரைப்பாட்டு. பேச்சிலேயே தேறாத ஹெட்போனை அடுத்த கட்டத்துக்குக் கொண்டுபோக வேண்டியதில்லை.

பேச்சை வைத்து என்ன கண்டுபிடிக்க முடியும்?

நிறைய. தமிழ் இதற்கு மிக வசதியான மொழி. ல, ள, ழ மூன்றையும் காது பிரித்தறிவது பெரும்பாலும் 1,500-லிருந்து 3,000 ஹெர்ட்ஸ் வரை நடக்கும் நுணுக்கமான மாற்றங்களால்தான். நல்ல உச்சரிப்புள்ள ஒருவர் "வாழை", "வாளை", "வாலை" என்று சொன்னால் எந்த முயற்சியும் இல்லாமல் மூன்றும் தனித்தனியாகத் தெரியவேண்டும். சொல்லின் பொருளை வைத்து ஊகித்துப் புரிந்துகொள்கிறோம் என்று தோன்றினால் அந்த ஹெட்போனில் மேல் மிட்ரேஞ்ச் பள்ளமாக இருக்கிறது.

குறைகளுக்கு அடையாளங்களும் இருக்கின்றன. ஆண்குரல் பானைக்குள்ளிருந்து பேசுவது போலிருந்தால் 200-லிருந்து 500 வரை வீங்கியிருக்கிறது. மூக்கால் பேசுவது போலிருந்தால் 1,000 ஹெர்ட்ஸ் சுற்று வட்டாரம். பெண்குரல் மேலே போகும்போது கத்துவது போலிருந்தால் 2,000 முதல் 4,000 வரை அதிகம். குரல் மெலிந்து, நெஞ்சு இல்லாமல், தொண்டையும் உதடும் மட்டும் பேசுவது போலிருந்தால் 150-லிருந்து 300 வரை குறைவு. இவற்றை மனப்பாடம் செய்யவேண்டாம். இயல்பாக இருக்கிறதா என்று மட்டும் கேளுங்கள். இல்லையென்றால் எங்கே இடிக்கிறது என்பது பிறகு தானாகத் தெரியவரும்.

பாட்டில் எதைக் கவனிப்பது?

தம்புரா முதலில். குதிரையின் மேல் தந்திக்கு அடியில் ஜீவாளி நூலை வைப்பதே மேலொலிகள் மலர்ந்து வருவதற்காகத்தான். நல்ல ஹெட்போனில் அந்த ரீங்காரத்துக்குள் ஒன்றின் மேல் ஒன்றாக ஸ்வரங்கள் எழுந்து அடங்குவது கேட்கும். மந்தமான ஹெட்போனில் அது ஃப்ரிட்ஜ் ஓடும் சத்தம்.

வயலின் அடுத்தது. பாடகர் நிறுத்திய இடத்திலிருந்து வயலின் பின்தொடரும்போது குரலின் கார்வையும் வில்லின் கார்வையும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளக் கூடாது. இரண்டும் ஒரே சுருதி, ஒரே ஸ்தாயி. பிரித்துக் காட்டுவது மேலொலிகள் மட்டும். மிட்ரேஞ்சுக்கு இதைவிடக் கடினமான பரீட்சை எனக்குத் தெரியவில்லை.

மிருதங்கத்தில் தொப்பியின் (இடப்பக்கத்தின்) கும்கியைக் கேட்டு மயங்காமல் வலந்தலையை (வலப்பக்கத்தை) கேளுங்கள். நடுவிலுள்ள கரணை என்ற கருப்புப் பூச்சால் தோலின் அதிர்வுகள் ஒழுங்குபட்டு, பறை, பேரிகைகளில் இல்லாத இசைவான மேலொலிகள் வருகின்றன. இதை 1920-லேயே ஆராய்ந்து எழுதியவர் சி.வி. ராமன். 1934-ல் அவர் நம்ம பெங்களூரிலேயே தொடங்கிய இந்திய அறிவியல் அகாடமியின் இதழில் விரிவாகவும் எழுதினார். அந்த மேலொலிகள் இருப்பதால்தான் வலந்தலையைச் சுருதி சேர்க்க முடிகிறது. ஹெட்போனில் சாப்பு அடி விழும்போது அதன் சுருதி உங்களுக்குக் கேட்கிறதா, வெறும் "டப்"தான் கேட்கிறதா? முதலாவது என்றால் பர்ஸைத் திறக்கலாம்.

சபாவில் நேரில் கேட்பதை அளவுகோலாக வைத்துக்கொள்ளலாமா?

பாதிதான் வைத்துக்கொள்ளலாம். மல்லேஸ்வரத்தில் வயலின் வடிவத்தில் கட்டிய சௌடையா அரங்கமாகட்டும், சாமராஜபேட்டை கோட்டை உயர்நிலைப் பள்ளி மைதானத்தில் ராமசேவா மண்டலி 1939-லிருந்து நடத்திவரும் ராமநவமிக் கச்சேரிகளாகட்டும், நாம் கேட்பது மைக் வழியாக ஸ்பீக்கரில் வரும் ஒலியைத்தான். அது சிலநாள் அருமையாக இருக்கும், சிலநாள் காதைக் கிழிக்கும். மைக் பரவலாகாத காலத்தில் பின்வரிசைக்கும் கேட்கவேண்டும் என்று வயலின் வித்வான் சௌடையா தன் வயலினில் தந்திகளைக் கூட்டி ஏழு தந்தி ஆக்கினார். இன்று அவர் பெயரிலுள்ள அரங்கில் வால்யூமைக் குறைக்கச் சொல்லிக் கேட்கும் ரசிகர்களைப் பார்க்கலாம்.

யாராவது வீட்டில் மைக் இல்லாமல் நடக்கும் சின்னக் கச்சேரி கிடைத்தால் தவறாமல் போங்கள். நவராத்திரி கொலுவில் பக்கத்து வீட்டுப் பெண் பாடுவதும் நல்ல அளவுகோல்தான். சுருதி சேர்கிறதா என்பது வேறு விஷயம். மனிதக் குரல் ஓர் அறையில் எப்படி ஒலிக்கும் என்பது அங்கே கிடைக்கும்.

ஓபன் பேக்கா, க்ளோஸ்டு பேக்கா?

குரல் மட்டும்தான் முக்கியம் என்றால் ஓபன் பேக். காதுக்குப் பின்னால் அடைப்பு இல்லாமல் வலை மட்டும் இருப்பதால் ஒலி உள்ளேயே முட்டி எதிரொலிப்பதில்லை. 200-லிருந்து 500 வரை வரும் அந்தப் பானைச் சத்தம் குறைவு. அதே பணத்துக்கு ஓபன் பேக்கில் மிட்ரேஞ்ச் பெரும்பாலும் ஒரு படி மேலே இருக்கும்.

ஆனால் உள்ளே போவது வெளியே கேட்கும், வெளியே நடப்பது உள்ளே கேட்கும். பிடிஎம் லேஅவுட்டில் பிஜி அறையை இன்னொருவரோடு பகிர்ந்துகொள்பவர், சில்க் போர்டு வழியாக கம்பெனி பஸ்ஸில் போகிறவர், கீழே ஆட்டோ ஹாரன் ஓயாத தெருவில் குடியிருப்பவர் இதை வாங்கிப் பயனில்லை. இரவு பதினோரு மணிக்குமேல் தனி அறையில் கேட்பவர் கண்ணை மூடிக்கொண்டு ஓபன் பேக் வாங்கலாம். குழந்தை தூங்குகிற அறை என்றால் க்ளோஸ்டு.

சரி, மாடல் பெயர் சொல்லுங்கள்.

இதற்காகத்தான் எல்லோரும் வந்திருப்பீர்கள்.

ஓபன் பேக்கில் என் முதல் தேர்வு சென்ஹைசர் ஹெச்டி 560எஸ். 2020-ல் வந்தது, மின்தடை 120 ஓம், எடை குறைவு. குரல் நேராக, நிறம் பூசாமல் வரும். ட்ரெபிள் ஒரு சிட்டிகை கூட. மோசமாகப் பதிவான பாட்டின் குறைகளை மறைக்காது. அந்தக் கண்டிப்பு வேண்டாம், கொஞ்சம் இதமாக இருக்கட்டும் என்பவருக்கு ஹெச்டி 599. குரலுக்குக் கொஞ்சம் சதை போட்டுத் தரும். நுணுக்கம் அந்த அளவுக்குக் குறையும். நாள் முழுக்கப் பழைய பாட்டு கேட்பவர்களுக்கு நான் 599-ஐத்தான் சொல்வேன்.

ஹைஃபைமேன் ஹெச்இ400எஸ்இ, இந்த விலையில் ப்ளேனார் வகை டிரைவரோடு (தட்டையான மெல்லிய சவ்வு அதிர்ந்து ஒலி எழுப்பும் பாகம்) வருவது. தம்புராவும் வீணையும் இதில் கேட்க அழகு. குரல் ஒரு அடி தள்ளி நிற்பது போல இருக்கும், சிலருக்கு அதுதான் பிடிக்கும். கிட்டத்தட்ட 400 கிராம். கழுத்து வலிக்காரர்கள் யோசிக்கவும்.

ஏகேஜி கே240 ஸ்டுடியோ பழைய காலத்து வடிவம், பாதி திறந்த வகை, விலையும் இந்தப் பட்டியலில் கீழ்ப்பகுதி. ஆழமான பேஸ் கிடையாது. அதனால் நடுப்பகுதி முன்னால் வந்து உட்காரும். பேச்சும் தனிக் குரலும் மட்டும் கேட்பவருக்கு இதற்குமேல் செலவழிக்கத் தேவையில்லை என்பது என் கட்சி.

க்ளோஸ்டு வகையில் ஆடியோ-டெக்னிகா ஏடிஹெச்-எம்40எக்ஸ். இதன் அண்ணன் எம்50எக்ஸ்தான் எல்லோருக்கும் தெரிந்த பெயர், ஆனால் குரலுக்கு எம்40எக்ஸ் ஒரு படி சமநிலையானது, விலையும் குறைவு. காதை இறுக்கிப் பிடிக்கும் என்பதுதான் குறை. 2019-ல் வந்த ஏகேஜி கே371 கிடைத்தால் அதையும் கேட்டுப் பாருங்கள். க்ளோஸ்டு வகையில் குரல் இவ்வளவு இயல்பாக வருவது அரிது. சோனி எம்டிஆர்-7506, 1991-லிருந்து ஸ்டுடியோக்களில் உழைத்துக்கொண்டிருக்கும் மாடல். ஒவ்வொரு எழுத்தையும் எடுத்துக் காட்டும், ஆனால் காரம் அதிகம். எடிட்டிங் செய்ய ஏற்றது, சாய்ந்து படுத்துக் கேட்க அல்ல.

பையர்டைனமிக் டிடி 990 ப்ரோவைப் பலர் புகழ்வார்கள். அதன் ட்ரெபிள் எனக்கு ஒத்துவருவதில்லை. பெண்குரலில் "ஸ" வரும்போதெல்லாம் கண் சிமிட்ட வேண்டியிருக்கிறது. கிராடோ எஸ்ஆர்80எக்ஸ் வேறு ரகம்: குரலையும் கிடாரையும் முகத்துக்கு நேரே கொண்டுவந்து நிறுத்தும். அரைமணி நேரம் குதூகலம், அப்புறம் காது வலிக்கும்.

சென்ஹைசர் ஹெச்டி 600 இந்த விலைவரம்புக்கு வெளியே நிற்பது. 1997-ல் வந்தது, இன்றும் இயல்பான மிட்ரேஞ்சுக்கு அதைத்தான் உதாரணம் காட்டுவார்கள். நல்ல நிலையில் செகண்ட் ஹேண்ட் கிடைத்தால் யோசிக்காதீர்கள். கேபிள், இயர்பேட், தலைப்பட்டை என்று ஒவ்வொரு பாகத்தையும் கழற்றி மாற்றலாம் என்பதால் பழையதை வாங்கப் பயம் வேண்டாம்.

என் போனில் 300 ஓம் ஹெட்போன் ஓடுமா?

ஓம் எண் மட்டும் பார்த்து முடிவு சொல்ல முடியாது. எவ்வளவு வோல்ட் கொடுத்தால் எத்தனை டெசிபல் வரும் என்ற உணர்திறனும் வேண்டும். 300 ஓம் உள்ள ஹெச்டி 600-க்கு 1 வோல்ட் கொடுத்தால் 97 டெசிபல் வரும் என்கிறது நிறுவனத்தின் கணக்கு. ஆப்பிளின் சின்ன யூஎஸ்பி-சி டாங்கிள் (போனில் சொருகி ஹெட்போனை இணைக்கும் மாற்றி) கிட்டத்தட்ட அந்த 1 வோல்ட்டைத் தரக்கூடியது. ஆகவே சாதாரண அளவில் கேட்க ஓடும். ஒலி குறைவாகப் பதிவான பழைய கச்சேரிகளுக்கு மூச்சு வாங்கும். ஒரு எச்சரிக்கை: அதே டாங்கிளைப் பல ஆண்ட்ராய்டு போன்களில் சொருகினால் ஒலி குறைவாகவே வரும். ஆண்ட்ராய்டு வைத்திருப்பவர்கள் இரண்டாயிரம், மூவாயிரத்தில் கிடைக்கும் வேறு டாங்கிள் வாங்கிக்கொள்ளுங்கள்.

மேலே சொன்ன மற்ற மாடல்களுக்கு ஆம்ப்ளிஃபையர் என்று தனியாக எதுவும் வேண்டாம். ஹெட்போனுக்குப் பத்தாயிரம், ஆம்புக்குப் பத்தாயிரம் என்று பிரிப்பதைவிட முழுப் பணத்தையும் ஹெட்போனில் போடுவது மேல். வீட்டிலுள்ள பழைய ஸ்டீரியோ ரிசீவரில் சொருகுவதாக இருந்தால் மட்டும் கவனம்: அவற்றின் ஹெட்போன் ஜாக்கில் உள்தடை அதிகம், 100 ஹெர்ட்ஸ் பக்கம் பேஸ் வீங்கிக் குரலின் அடிப்பகுதி கலங்கும்.

ப்ளூடூத் வாங்கினால் தரம் போய்விடுமா?

கோடெக்கை, அதாவது ஒலியைச் சுருக்கி அனுப்பும் முறையைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. எஸ்பிசி, ஏஏசி எதுவானாலும் குரலைக் கெடுக்கும் அளவுக்கு இன்று மோசமில்லை. எல்டாக் என்ற கோடெக் நொடிக்கு 990 கிலோபிட் வரை போகும். குரல் கெடுவது டியூனிங்கால். ப்ளூடூத் ஹெட்போன்களில் பேஸை ஏற்றி அனுப்புவதுதான் வழக்கம், காரணம் அவை சத்தமான இடங்களுக்கானவை.

மெட்ரோவில் தினமும் ஒயிட்ஃபீல்டிலிருந்து எம்.ஜி. ரோடு வருகிறவருக்கு நான் ஓபன் பேக்கைப் பரிந்துரைக்கமாட்டேன். இரைச்சல் தடுப்பு, ரயிலின் உறுமல் போன்ற தாழ்ந்த, ஒரே சீரான சத்தத்தை நன்றாக அடக்கும். பக்கத்து இருக்கைக்காரர் போனில் பேசுவதை அவ்வளவாக அடக்காது. செயலியில் ஈக்வலைசர் உள்ள மாடலாகப் பார்த்து வாங்கி, பேஸை நான்கைந்து டெசிபல் இறக்கிவிடுங்கள். பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும்.

கிராஃப் பார்த்து, கேட்காமலே வாங்கலாமா?

நேர்கோடாக இருந்தால் இயல்பான ஒலி என்று நினைத்துக் கிராஃப் பார்க்கிறவர்கள் ஏமாறுவார்கள். நம் காதுத் துவாரம் சுமார் இரண்டரை சென்டிமீட்டர் நீளக் குழாய். 3,000 ஹெர்ட்ஸ் அருகே அது ஒலியைத் தானாகவே தூக்கிக் கொடுக்கும், காதுமடலும் சேர்ந்துகொள்ளும். நேரில் ஒருவர் பேசுவதை இந்தத் தூக்கலோடுதான் பிறந்ததிலிருந்து கேட்டுவருகிறோம். ஆகவே செவிப்பறையில் அளந்தால், இயல்பாக ஒலிக்கும் ஹெட்போனின் கோடு அந்த இடத்தில் மேடாக இருக்கவேண்டும். மேடு இல்லாவிட்டால் குரல் அடைபட்டது போலிருக்கும், அதிகமானால் கத்தும்.

எவ்வளவு மேடு சரி என்பதைக் கேட்பவர்களை உட்காரவைத்துச் சோதித்து ஒரு கோடு வரைந்தவர்கள் ஹார்மன் நிறுவனத்தின் ஷான் ஆலிவ் குழுவினர். பெரும்பாலானோருக்குப் பிடித்தது என்ற அளவில் அது நல்ல வழிகாட்டி. அதன் பேஸ் பகுதி கர்நாடக சங்கீதத்துக்குக் கொஞ்சம் அதிகம் என்பது என் அபிப்பிராயம். கிராஃப் பார்த்து நான்கைந்து மாடல்களைக் கழித்துவிடலாம். மிச்சமுள்ள இரண்டில் எது என்பதைக் காதுதான் சொல்லவேண்டும்.

ஈக்வலைசர் போடுவது தப்பா?

இல்லை. ஆண்ட்ராய்டில் வேவ்லெட், விண்டோஸில் ஈக்வலைசர் ஏபிஓ இரண்டும் போதும். வேவ்லெட்டில் ஆயிரக்கணக்கான ஹெட்போன்களுக்குத் தயார் திருத்தங்கள் உள்ளன. கூட்டுவதைவிடக் குறைப்பது பாதுகாப்பு. கூட்டினால் அதே அளவு மொத்த ஒலியை இறக்குங்கள், இல்லாவிட்டால் சத்தம் உச்சத்துக்குப் போகும் இடங்களில் பிசிறடிக்கும்.

பெங்களூரில் எங்கே வாங்குவது?

எஸ்.பி. ரோட்டில் கேபிள், டாங்கிள், அடாப்டர், சால்டரிங் எல்லாம் கிடைக்கும். ஹெட்போனை மட்டும் சீரியல் எண்ணும் ஜிஎஸ்டி பில்லும் இந்தியாவில் செல்லும் வாரண்டியும் இல்லாமல் எங்கேயும் வாங்காதீர்கள். பெயர் பெற்ற மாடல்களுக்கெல்லாம் அச்சு அசலான போலிகள் உண்டு, எம்50எக்ஸுக்கும் உண்டு. பாதி விலை என்றால் பாதி சந்தேகம் போதாது, முழுசாகவே சந்தேகப்படுங்கள்.

பலருக்குத் தோன்றாத இடம், இசைக்கருவிக் கடை. கீபோர்டும் கிடாரும் விற்கும் பெரிய கடைகளில் கே240, எம்40எக்ஸ், டிடி 770 போன்ற ஸ்டுடியோ ஹெட்போன்கள் இருக்கும், கேட்டுப் பார்க்கவும் விடுவார்கள். மால் கடைகளில் பெரும்பாலும் ப்ளூடூத்தான். இணையத்தில் வாங்குவதானால் திருப்பி அனுப்பும் விதியை முதலில் படியுங்கள். பல இடங்களில் பழுது இருந்தால்தான் மாற்றித் தருவார்கள், "பிடிக்கவில்லை" என்ற காரணம் செல்லாது. அமெரிக்காவிலிருந்து வரும் மச்சானிடம் சொல்லிவிடுவது பழைய வழக்கம். விலை குறையும், ஆனால் இங்கே வாரண்டி கிடைக்காது.

நூறு மணி நேரம் ஓடவிட்டால்தான் ஒலி திறக்கும் என்கிறார்களே?

அளந்து பார்த்தால் மாற்றம் மிகச் சொற்பம். பழகுவது பெரும்பாலும் உங்கள் காதுதான். முதல் நாளே குரல் பிடிக்கவில்லை என்றால் திருப்பிக் கொடுக்கும் தேதி முடியும்வரை காத்திருக்க வேண்டாம்.

கண்ணாடி போடுகிறேன். பிரச்சினையா?

கண்ணாடிக் காம்பு இயர்பேடுக்கும் தோலுக்கும் நடுவே சந்து விடும். க்ளோஸ்டு ஹெட்போனில் பேஸ் கசிந்து குரல் மெலியும். ஓபன் பேக்கில் இது அவ்வளவு தெரியாது. வெல்வெட் மாதிரியான துணிப் பேட் கண்ணாடிக்காரர்களுக்கு வசதி. செயற்கைத் தோல் பேட் இரண்டு மூன்று வருடத்தில் உதிரும். மாற்றும்போது அதே நிறுவனத்தின் பேட் போடுங்கள். மலிவாகக் கிடைக்கும் தடிமனான பேட், காதுக்கும் டிரைவருக்கும் உள்ள இடைவெளியை மாற்றி மிட்ரேஞ்சையே மாற்றிவிடும்.

ஹெட்போனுக்குப் பதில் இயர்போன் வாங்கினால்?

பட்ஜெட் ஐயாயிரத்துக்குக் கீழே என்றால் அதுதான் புத்திசாலித்தனம். வயர் இயர்போன்களில் இந்தச் சில வருடங்களில் வந்திருக்கும் முன்னேற்றம் பெரிது. மூன்ட்ராப் போன்ற நிறுவனங்கள் இரண்டாயிரம் ரூபாய் அளவிலேயே குரலை ஒழுங்காகக் கொடுக்கின்றன. காதுக்குள் எதையும் நுழைக்கப் பிடிக்காதவர்களுக்கு கோஸ் போர்ட்டா ப்ரோ இருக்கிறது. 1984-லிருந்து அதே முகம், கொஞ்சம் பேஸ் தூக்கல், ஆனாலும் குரல் உயிரோடு இருக்கும்.

ஊரிலிருந்து அப்பா வந்திருக்கிறார், வயது எழுபதுக்கு மேல். டிவியில் வசனம் புரியவில்லை என்கிறார். எந்த ஹெட்போன்?

முதலில் காதுப் பரிசோதனை. வயதாகும்போது உயர்ந்த ஒலிகள்தான் முதலில் மங்கும். க, ச, த, ப போன்ற மெய்யெழுத்துகளைப் பிரித்துக் காட்டுவது அந்தப் பகுதி. சத்தம் கேட்கிறது, சொல் புரியவில்லை என்று அவர்கள் சொல்வது பெரும்பாலும் இதனால். அதை ஹெட்போனால் முழுசாக ஈடுகட்ட முடியாது. மைசூரில் அகில இந்தியப் பேச்சு, செவித்திறன் நிறுவனம் இருக்கிறது. பெங்களூரிலேயே காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் ஆடியோகிராம் எடுத்தாலும் போதும்.

அதற்குப் பிறகும் ஹெட்போன் வேண்டுமென்றால் எடை குறைந்த, இறுக்காத, நீளமான வயருள்ள ஓபன் பேக் வாங்குங்கள். வாசலில் பெல் அடித்தாலும் கேட்கும், கூப்பிட்டாலும் கேட்கும். ஹெச்டி 599 இதற்குப் பொருத்தம். வால்யூமை மட்டும் அவரிடமே விட்டுவிடாதீர்கள். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் அளவு 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம். சத்தம் ஏற ஏற அந்த நேரம் மளமளவென்று குறையும். டிவியில் ஹெட்போன் ஜாக் இல்லையென்றால் பின்புறமுள்ள ஆப்டிகல் துளைக்கு ஒரு மாற்றி வாங்கவேண்டும், எஸ்.பி. ரோட்டில் கிடைக்கும்.